இன்னாசி கத்தவில்லை

அந்த வருஷம் அடைக்கலமேரிக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. புருஷன் பார்க்கிற வேலையில் பாதியை ஒரு நாய் பார்க்க வேண்டும். அதை வாய்விட்டுச் சொன்ன நாளிலிருந்து இன்னாசி அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இன்னாசிக்கு வேட்டைதான் பிழைப்பு. லைசென்ஸ் வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று வைத்திருந்தான். ஐப்பசி மழை பெய்து குன்றாண்டார்கோவில் பக்கத்துக் கண்மாய்கள் நிறைந்ததும் சிறகி வாத்துகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். விடியற்காலையில் சுட்டு, பஸ் ஏறித் திருமயம் பக்கத்துச் செட்டியார் வீடுகளில் கொடுத்துவிட்டு மத்தியானச் சோற்றுக்குத் திரும்பிவிடுவான். சுடுகிறதில் ஒரு பயமும் இல்லை. சுட்ட பறவை நடுத்தண்ணீரில் போய் விழுமே, அங்கேதான் வினை. நீந்திப்போய் எடுத்து வருவதும் அவன்தான்.

போன கார்த்திகையில் அப்படிப் போனவனுக்குப் பாதி வழியில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. தாமரைக்கொடி வேறு காலைச் சுற்றிவிட்டது. கரையில் மாடு மேய்த்த இரண்டு பேர் குதித்து இழுத்துப் போட்டார்கள். சேதி கேட்டு அடைக்கலமேரி ஓடி வந்து நின்ற பிறகுதான் அவன் கண் விழித்தான். மூன்றாம் நாளே மனுஷன் மறுபடியும் தண்ணீரில் இறங்கிவிட்டான். கேட்டால், "தண்ணிக்கும் எனக்கும் தெரியாத பழக்கமா?" என்று சிரிப்பு. அடைக்கலமேரிக்குச் சிரிப்பு வரவில்லை. கண்மாய்ப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டால், அவன் ஈர வேட்டியோடு வாசலில் வந்து நிற்கிறவரைக்கும் அடுப்பில் என்ன வேகிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது.

இப்படி இருக்கும்போதுதான் ஆரோக்கியம்மாள் ஒரு சேதி கொண்டுவந்தாள். அவள் புதுக்கோட்டை ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கிற மிஸ்ஸியம்மா பங்களாவில் பாத்திரம் தேய்க்கிறவள். மிஸ்ஸியம்மாவின் காலமான புருஷன் ரயில் எஞ்சின் ஓட்டிய ஆங்கிலோ இந்தியர். பிள்ளை குட்டி இல்லாத அந்த அம்மாள் சீமை ஜாதி நாய்களை வளர்த்துக் குட்டிகளை விற்று வந்தாள்.

"ரிட்ரீவர்னு பேரு. சுட்ட பறவைய அதுவே நீந்திப் போயி எடுத்தாந்து கையில குடுக்குமாம். ஒரு எறகுகூட கலையாதாம். இப்ப ஆறு குட்டி போட்டிருக்கு" என்றாள் ஆரோக்கியம்மாள்.

அடைக்கலமேரி அன்றைக்கே இரண்டு வெள்ளாடுகளை விற்றுவிட்டாள்.

"நான் குத்துக்கல்லு மாதிரி இருக்கேன். எனக்குப் பதிலா நாயா?" என்று இன்னாசி குதித்தான். "ஊரு சிரிக்கும்டி. இன்னாசி செய்யிற வேலைய நாயே செஞ்சுருதுன்னு பேசுவாய்ங்க."

"பேசட்டும். பேச்சுக் கேக்க நீங்க உசுரோட இருக்கணும்ல?"

இன்னாசிக்குக் கோபம் தணியவில்லை. அந்தக் கோபத்தைத் துண்டு மாதிரித் தோளில் போட்டுக்கொண்டே மறுநாள் அவளோடு பஸ் ஏறினான். தனியாக அனுப்பினால் ஏமாற்றிவிடுவார்கள் என்று சாக்குச் சொல்லிக்கொண்டான். உள்ளே நினைப்பு வேறு. போய் ஏதாவது நொட்டை சொல்லிக் காரியத்தைக் கெடுத்துவிட வேண்டும்.

பங்களா முற்றத்தில் வேப்பமர நிழலில் ஒரு கறுப்புத் தாய்நாய் படுத்திருந்தது. குட்டிகள் அதன்மேல் ஏறி இறங்கி உருண்டுகொண்டிருந்தன. அடைக்கலமேரி குனிந்து உட்கார்ந்ததுதான் தாமதம், ஒரு கறுப்புக் குட்டி தத்தித் தத்தி வந்து அவள் முந்தானையைக் கவ்வி இழுத்தது. கண் இரண்டும் நாவல்பழம். அவள் மனசு அங்கேயே விழுந்துவிட்டது.

மிஸ்ஸியம்மா வெளியே வந்தாள். அறுபது வயசிருக்கும். பூப்போட்ட கவுன், காலில் ஆம்பளைச் செருப்பு, மூக்கில் கண்ணாடி. முதல் காரியமாக ஒரு காகிதத்தை விரித்துக் குட்டியின் வம்சாவளியை வாசித்தாள். அப்பன் பேர், ஆத்தா பேர், பாட்டன் பேர், அவன் கப்பலில் வந்த வருஷம் என்று ஐந்து தலைமுறை ஓடியது. தன் பாட்டனுக்கு மேல் யார் பேரும் தெரியாத இன்னாசிக்கு அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

மிஸ்ஸியம்மா காகிதத்தை மடித்து வைக்க உள்ளே போனாள். அந்த நேரம் பார்த்து இன்னாசி அந்தக் காரியத்தைச் செய்தான்.

எங்கள் பக்கத்தில் வேட்டைக்கு நாய் பார்க்கிறவர்கள் குட்டியைக் காதைப் பிடித்துத் தூக்கிப் பார்ப்பார்கள். கத்தாமல் தொங்கினால் வீரன். கத்தினால் கோழை, வேண்டாம் என்று விட்டுவிடுவார்கள். முயல் விரட்டுகிற நாட்டு நாய்க்கு ஏற்பட்ட சோதனை அது. இன்னாசியின் அப்பனும் அப்படித்தான் பார்த்தான், பாட்டனும் அப்படித்தான். இவனும் கறுப்புக் குட்டியின் இரண்டு காதையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கினான். குட்டி வீல் என்று கத்தியது.

"பாத்தியா? கோழை! வா போவோம்" என்றான். ஆட்டுச் சந்தையில் பல்லைப் பார்த்தே கிழட்டு ஆட்டைக் கண்டுபிடித்துவிட்டவன் மாதிரி முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

மிஸ்ஸியம்மா குடைக்கம்போடு ஓடி வந்தாள். குட்டியைப் பிடுங்கி மாரோடு அணைத்துக்கொண்டாள்.

"ஏய் மேன்! என்னா பண்றே நீ? இது பறவையை நோகாம கவ்வணும். இதோட வாய் பஞ்சு மாதிரி இருக்கணும். பயந்துச்சுன்னா வாய் இறுகிப்போயிடும், அப்புறம் பறவையைக் கடிச்சுக் கிழிக்கும். காதைப் பிடிச்சுத் தூக்கற கைக்கு நான் குட்டி தர மாட்டேன். கெட் அவுட்! ரெண்டு பேரும் போங்க."

இன்னாசி ஒரு நிமிஷத்தில் கேட் பக்கம் போய்விட்டான். நினைத்த காரியம் நினைத்ததற்கு மேலேயே கெட்டுப்போயிற்று. இவ்வளவு சுலபமாகக் கெடும் என்று அவனே எதிர்பார்க்கவில்லை.

அடைக்கலமேரி நகரவில்லை. அழுதால் பேச முடியாது என்று அழுகையை விழுங்கிக்கொண்டு மிஸ்ஸியம்மாவின் முன்னால் போய் நின்றாள்.

"மிஸ்ஸியம்மா, அவரு செஞ்சது தப்பு. எங்க ஊருப் பழக்கம், வேற தெரியாது. ஆனா இந்தக் குட்டி இல்லாம நான் வீட்டுக்குப் போனா, அவரு மறுபடி தண்ணியில எறங்குவாரு. போன கார்த்திகையிலயே போயிருக்க வேண்டிய மனுசன். நாளைக்கு யாரு வந்து தூக்குவாங்க?"

மிஸ்ஸியம்மாவின் குடைக்கம்பு கீழே இறங்கியது.

"நீங்க வேணா அவரு காதைப் பிடிச்சுத் தூக்கிப் பாருங்க" என்றாள் அடைக்கலமேரி. "அவரு கத்துனா நாங்க போயிர்றோம். கத்தலேன்னா குட்டி எங்களுக்கு."

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த ஆரோக்கியம்மாள் சாம்பல் கையோடு வாயைப் பொத்திக்கொண்டாள். மிஸ்ஸியம்மாவின் கண்ணாடிக்குப் பின்னால் என்னவோ மின்னியது.

"கம் ஹியர், மேன்" என்றாள்.

அடைக்கலமேரிக்கு அப்போதுதான் பக்கென்றது. காலில் நெருஞ்சி முள் ஏறினாலே தெருவைக் கூட்டுகிறவன் இன்னாசி. அதோடு இந்த நாய் அவனுக்கு வேண்டவே வேண்டாம். ஒரு 'ஆ' சொன்னால் போதும், ஜெயித்துவிடுவான். அவன் கேட்டில் கை வைத்தபடி அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் மெல்லத் திரும்பி வந்து, தலையைக் குனிந்து காதைக் கொடுத்தான்.

மிஸ்ஸியம்மா விளையாட்டுக்குப் பிடிக்கவில்லை. இரண்டு காதையும் முறுக்கி மேலே இழுத்தாள். இன்னாசி கால் கட்டைவிரலில் எழும்பினான். முகம் செம்மண் நிறமாயிற்று. கண்ணில் நீர் கோத்தது. உதட்டை உள்ளே மடித்துப் பல்லால் கடித்துக்கொண்டான். அடைக்கலமேரி மாதா மந்திரம் சொல்ல ஆரம்பித்து, பாதியில் வரி மறந்து, முதலிலிருந்து ஆரம்பித்தாள். மிஸ்ஸியம்மா இன்னும் ஒரு சுற்று முறுக்கினாள்.

இன்னாசி கத்தவில்லை.

மிஸ்ஸியம்மா கையை விட்டாள். விட்டவள் அப்படியே படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆரோக்கியம்மாள் சிரித்தாள். பெரிய நாய் எழுந்து வாலை ஆட்டியது. சிரிப்பு அடங்கியதும் மிஸ்ஸியம்மா ஆட்டுப் பணத்தை வாங்கி வைத்துவிட்டு, கறுப்புக் குட்டியை எடுத்து அடைக்கலமேரியின் மடியில் போட்டாள்.

"நல்ல ஜாதி ஆள்தான்" என்றாள் இன்னாசியைப் பார்த்து. "ஆனா வம்சப் பேப்பர் இல்லை."

ஊர் திரும்பும் பஸ்ஸில் குட்டி முந்தானைக்குள் தூங்கிவிட்டது. இன்னாசியின் காது இரண்டும் பழுத்த மிளகாயாக இருந்தன. கீரனூர் தாண்டுகிறவரை அவள் பொறுத்துப் பார்த்தாள். அப்புறம் கேட்டேவிட்டாள்.

"ஏங்க கத்தல?"

"கத்தத்தான் வந்தேன்" என்றான் அவன் வெளியே பார்த்துக்கொண்டு. "ஒன் மொகத்தப் பாத்தேன். அன்னைக்கிக் கரையில கெடந்து கண்ணு முழிச்சப்பவும் நீ இதே மொகத்தோடதான் நின்ன. நாந்தான் சிரிச்சுட்டுப் போயிட்டேன்."

அடைக்கலமேரிக்கு விழுங்கி வைத்திருந்த அழுகை இப்போது சாவகாசமாக வந்தது. சந்தோஷத்தில் வருகிற அழுகைக்கு அவள் முந்தானையைத் தேடவில்லை, அதில் குட்டி இருந்தது.

குட்டிக்குத் துரை என்று இன்னாசியே பேர் வைத்தான். வைத்ததோடு நிற்காமல் தை மாசத்திலிருந்து ஐப்பசிவரை தன் தட்டுச் சோற்றில் பாதியை அதற்குப் போட்டான். பழைய துண்டைச் சுருட்டித் தண்ணீரில் எறிந்து எறிந்து பழக்கினான். ஊர் சிரிக்கத்தான் செய்தது. அவன் அதைவிடச் சத்தமாகச் சிரித்தான்.

அந்த ஐப்பசியின் முதல் வேட்டைக்கு அடைக்கலமேரியும் கூடப் போனாள். வெடி வெடித்தது. சிறகி ஒன்று சுழன்று நடுக்கண்மாயில் விழுந்தது. இன்னாசி பழைய ஞாபகத்தில் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டப் போனான். அதற்குள் துரையின் கறுப்புத் தலை தாமரை இலைகளை விலக்கிக்கொண்டு பாதி தூரம் போய்விட்டது.

இன்னாசி துப்பாக்கியைக் கீழே வைத்தான். அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு வந்து, காய்ந்த வேட்டியோடு, பெண்டாட்டி பக்கத்தில் கரையில் உட்கார்ந்தான். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அந்தக் கண்மாய்க் கரையில் அவர்கள் சேர்ந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.