செம்பருத்திச் செடியில் பாம்பு

காற்று துளிகூட இல்லை. தையல் மெஷினை மிதிக்க மிதிக்க ரவிக்கை முதுகோடு ஒட்டிப் பிசுபிசுத்தது. ஜன்னலுக்கு வெளியே, அணில்கூட மதில்மேல் வயிற்றைப் பரப்பிக் கிடந்தது. ஓயாமல் பறந்துகொண்டிருந்தது தையல்சிட்டு மட்டும்தான். என் மெஷினடியில் விழுந்த நூலையே திருடி, செம்பருத்தியின் இரண்டு இலைகளைச் சேர்த்துத் தைத்து, அதற்குள் குஞ்சு பொரித்திருந்தது. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். அதன் தையலைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட.

கணவர் அரிவாளோடு கொல்லையில் இறங்கினார். "இந்தச் செடிய வெட்டிடுறேன். துணி காயப்போட எடமே இல்லன்னு அக்கா சொல்றாங்க."

குஞ்சு இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். "உனக்கு வேற வேலையில்ல" என்று சிரித்துக்கொண்டே வெட்டுவார்.

"பாம்பு!" என்றேன்.

அரிவாள் அந்தரத்தில் நின்றது. "எங்கடி?"

"செடிக்குள்ள. காலைலயே பார்த்தேன்."

"என்ன பாம்பு?"

"நான் என்ன பேரா கேட்டேன்? நீளமா இருந்துச்சு."

ஒரு பொய்க்கு இத்தனை குளிர்ச்சி உண்டென்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

அதற்குள், ஊரிலிருந்து வந்து தங்கியிருந்த நாத்தனார் கொல்லைக்கு வந்துவிட்டார். "பாம்பா? கரப்பானப் பார்த்தாலே கட்டில்மேல ஏறுறவ, பாம்பப் பார்த்துட்டு கம்முனு உக்காந்து தைக்கிறாளாக்கும்? தள்ளுடா தம்பி!"

மெஷினை நிறுத்திவிட்டு அவர் கண்களையே பார்த்தேன். கல்யாணமான நாள்முதல் என் குழம்பின் உப்பிலிருந்து கொண்டை ஊசிவரை குறை கண்டுபிடித்த கண்கள் அவை. துடைப்பக்கட்டையால் இலைகளை விலக்கிக் குனிந்தார். உள்ளே சின்னச் சின்ன வாய்கள் திறந்தன. அவர் வாயும் திறந்தது. திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். போச்சு, மானம் கப்பலேறப்போகிறது.

"ஓடுடா தம்பி! ஒண்ணில்ல, மூணு! எல்லாம் வாயப் பொளந்துக்கிட்டு நிக்குது!"

கணவர் ஒரே தாவலில் சமையலறைக்குள் இருந்தார்.

"அப்போ துணி?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"மாடியில காயட்டும். உசுரவிடத் துணியா பெருசு?"

நாத்தனார் உள்ளே வந்து என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"பறக்க எத்தனை நாளாகும்?" என்றார் ரகசியமாக.

"பத்து நாளாவது ஆகும் அண்ணி."

"நாளைக்கு ஊருக்குக் கெளம்பலாம்னு இருந்தேன்." முந்தானையால் விசிறிக்கொண்டார். "பாம்பு இருக்கிற வீட்டுல உன்னத் தனியா விட்டுட்டு எப்படிப் போறது, சொல்லு?"