ஐந்து நாள் ஸ்பெயின்வாசி

மால்டாவின் ஸ்லீமா கடற்கரையை ஒட்டிய அந்த அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை காலை என்றால் பட்டாணி அடைத்துச் சுட்ட பஸ்திஸ்ஸிப் பலகாரம் உண்டு. எண்ணெய் ஊறிய காகிதப் பையை மேசைமேல் பிரித்து வைத்துவிட்டு, வரிப் பிரிவின் தலைவி மார்தீஸ் எல்லோரையும் கூப்பிட்டாள்.

"வாங்க, சூடு ஆறிடும். இன்னைக்கு நம்ம மோசே புண்ணியத்துல தின்னுங்க. நானூத்திப் பன்னெண்டு பேரைக் கால் நனையாம கடல் தாண்டிக் கூட்டிட்டுப் போயிருக்கான்!"

அவள் சொன்ன மோசே, இருபத்தாறு வயது எத்தியேன். கூச்சத்தோடு சிரித்தான். ஆனாலும் அந்தப் பாராட்டு அவனுக்கு வேண்டியிருந்தது.

அவன் செய்தது இதுதான். நிறுவனம் மால்டாவில் இருந்தாலும், அதன் இணையச் சூதாட்டத் தளத்தில் ஸ்வீடனில் வசிப்பவர் ஆடினால், அவர் கட்டிய பணத்தில் அவருக்குத் திரும்பிப் போனது போக மிஞ்சியதற்கு ஸ்வீடனுக்கு வரி கட்ட வேண்டும். ஆகவே ஆடுகிறவரின் முகவரிதான் வரியைத் தீர்மானிக்கும். குளிர்காலத்தில் ஸ்வீடன்காரர்கள் வெயில் தேடி ஸ்பெயினுக்குப் போவது வழக்கம். அங்கிருந்து மூன்று நாள் ஆடியவர்களை எல்லாம் எத்தியேன் 'வெளிநாட்டில் வசிப்பவர்' பட்டியலுக்கு மாற்றினான். அவர்கள் ஊர் திரும்பியபின் பெயர்களைத் திருப்பி மாற்றவில்லை. இப்படி நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கான வரி நிறுவனத்துக்கு மிச்சமானது. இது சரியா என்று இரண்டு முறை யோசித்தான். யார் சட்டைப் பையிலும் கைவைக்கவில்லையே, எங்கோ ஓர் அரசாங்கம்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டான்.

பதினோரு மணிக்குப் புகார்ப் பிரிவிலிருந்து ஓர் அழைப்பை அவனுக்குத் தள்ளிவிட்டார்கள். "ஸ்வீடன்ல இருந்து ஒரு அம்மா. ஏதோ முகவரிப் பிரச்சனையாம், உன் வேலைதானே?"

"என் பேரு குன்வோர். என் வீட்டுக்காரர் ராக்ன்வால்ட், பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். மார்ச்சுல, 'என்னைச் சூதாட விடாதீங்க'ன்னு எங்க அரசாங்கப் பதிவேட்டுல அவராவே பேரு குடுத்தார். மத்த தளக்காரங்க எல்லாரும் கதவைச் சாத்திட்டாங்க. நீங்க மட்டும் எப்படித் திறந்து விட்டீங்க?"

எத்தியேன் பெயரைத் தேடினான். பிப்ரவரி. ஸ்பெயின். ஐந்து நாள்.

"அவர் ஸ்பெயின்ல வசிக்கிறதா எங்க பதிவுல..."

"வசிக்கிறாரா? அண்ணன் செத்துப்போய் அடக்கத்துக்குப் போனார் தம்பி. அங்க தூக்கம் வராம ஆடியிருக்கார். திரும்பி வந்து வெக்கப்பட்டுத்தான் பதிவேட்டுல பேரே குடுத்தார். உங்க தளம் திறந்தே கிடக்கவும் மறுபடி ஆடித் தோத்துட்டார். இப்போ இருக்கிற வீட்டை விக்கிறோம்."

அவன் காதுமடல் எரிந்தது. தடைப் பதிவேட்டை நிறுவனம் ஸ்வீடனில் வசிப்பவர்களுக்கு மட்டுமே சரிபார்க்கும். பட்டியல் மாறியவர்களுக்கு அந்தச் சோதனையே கிடையாது.

மார்தீஸிடம் போய்ச் சொன்னான்.

"பதிவுல ஸ்பெயின்னு இருக்குல்ல? அப்படியே பதில் அனுப்பிடு, கண்ணு."

"அந்தப் பதிவை எழுதினதே நான்தான்."

"பாதிரியார் மாதிரி பேசாதடா. இதைத் திருத்தினா வரியும் வரும், அபராதமும் வரும். முதல்ல உன் பேருதான் நிக்கும்."

"நிக்கட்டும். அது நான் செஞ்சதுதானே."

நானூற்றுப் பன்னிரண்டு பேரையும் அவன் ஸ்வீடனுக்கே திருப்பினான். சோதனை ஓடியது. ராக்ன்வால்டோடு சேர்த்துப் பத்தொன்பது கணக்குகள் அடைபட்டன. பத்தொன்பது பேர் தங்களைத் தடுக்கச் சொல்லியிருந்தார்கள். பிறகு ஸ்வீடன் வரி அலுவலகத்துக்குத் திருத்தக் கடிதம் எழுதித் தன் பெயரைப் போட்டான். அதன்பின் குன்வோரைக் கூப்பிட்டான்.

"அம்மா, கதவைத் திறந்து விட்டது நான். வரி மிச்சமாகும்னு மட்டும் நினைச்சேன். வரிக்காக ஒருத்தரை அந்த ஊர்ல இல்லைன்னு பொய்யா எழுதினா, அந்த ஊர் அவருக்குக் குடுக்கிற காவலையும் சேர்த்துப் பிடுங்கிடுறோம். எனக்கு இது இன்னைக்குத்தான் புரிஞ்சது."

"வீடு மிஞ்சுமா?"

"தெரியலம்மா. நீங்க வழக்குப் போட என்ன தாள் வேணுமோ அதைத் தர்றேன்."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"இதை எங்கிட்டச் சொல்லி என்ன? தப்பு முழுக்கத் தன்னோடதுதான்னு இந்த மனுஷன் தலைகுனிஞ்சே உக்காந்திருக்கார். இந்தா, அவர்கிட்டச் சொல்லு."

போன் கை மாறியது. "ராக்ன்வால்ட் பேசுறேன்" என்றார் கிழவர். எத்தியேன் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினான்.