மூன்றாவது கூடுதல் வேலை

பனி பெய்தால் மார்னி ஓஸ்ட்ராண்டருக்கு முன்பெல்லாம் அது வெறும் வேலை. உப்பு போதுமா, பனி தள்ளும் வண்டிக்கு ஆள் வந்தாச்சா, நடைபாதை சறுக்குமா என்று பார்ப்பாள்; பார்த்துவிட்டுக் காப்பி குடிக்கப் போவாள். அந்த ஊர்ப் பள்ளிகளைச் சேர்த்து நடத்தும் பள்ளி மாவட்டத்தின் நான்கு கட்டடங்களுக்கும் பதினாறு வருடமாக அவள்தான் பொறுப்பு. இந்தக் குளிர்காலத்தில் மட்டும் ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாக ஏதாவது விழுந்தாலே அவள் காப்பி குடிக்கப்படாமல் ஆறிப்போயிற்று.

வார இறுதியில் பெய்த பனியே கூரைகளில் கிடக்க, அந்தப் புதன்கிழமை விடிந்ததிலிருந்து மேலும் பனி கொட்டியது. பத்து மணிக்கு அது மழையாக மாறியது. கூரையில் கிடக்கும் பனியின் மேல் மழை விழுந்தால், பனி அந்தத் தண்ணீரையெல்லாம் குடித்துக் கனத்துப்போய் அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். மார்னி மாவட்ட அலுவலகத்தில் கூரைகளின் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொன்றரைக்குத் தொலைபேசி அடித்தது.

"பாஸ், ரஸ் பேசறேன்." ரஸ் பெட்டிட் தொடக்கப்பள்ளியின் பராமரிப்பாளன். எதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வான். "நம்ம ஜிம்ல கூரையிலேர்ந்து தொங்குதே பாஸ்கெட்பால் வளையம், அஞ்சாம் வகுப்புப் பசங்க திங்கக்கிழமைலேர்ந்து எகிறி எகிறி அந்த வலையைத் தொடறானுங்க. வளர்ந்துட்டோம், வளர்ந்துட்டோம்னு ஒரே அலப்பறை. என்னடா இதுன்னு டேப் வச்சு அளந்தேன்."

"எவ்வளவு?"

"எட்டடிக்கு மாட்டினது. இப்ப ரெண்டு அங்குலம் கம்மியா இருக்கு. ஒண்ணு பசங்க வளர்ந்திருக்கணும், இல்ல நீங்க போட்டுக் குடுத்த புதுத் தரை வீங்கியிருக்கணும்." அவனே சிரித்தான்.

மார்னி சிரிக்கவில்லை. வளையம் தொங்குவது கூரையின் நடு உத்திரத்திலிருந்து. உத்திரம் இறங்கியிருக்கிறது. கை தன்னால் மேசையின் கீழ் இழுப்பறைக்குப் போனது. அங்கே ஒரு கடிதம் பதினொரு மாதமாகக் கிடந்தது.

கடிதத்தை எழுதியவர் போன பிப்ரவரியில் கட்டடங்களைச் சோதித்த பொறியாளர். உடற்பயிற்சிக் கூடத்தின் உத்திரங்களைச் சீக்கிரம் பலப்படுத்த வேண்டும். அதுவரை கூரையில் ஓரடிக்கு மேல் ஈரப் பனி நின்றால் உள்ளே ஆட்களை விடக் கூடாது. இவ்வளவுதான் விஷயம். குழந்தைக்குக்கூடப் புரியும். படித்தபோது மார்னிக்கும் புரிந்தது.

ஆனால் அப்போது அவள் ஒப்பந்தப் புள்ளிக்கான காகிதங்களைத் தயாரித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தைப் புதுப்பிக்கிற முறை அங்கே இப்படித்தான்: கட்டாயம் செய்ய வேண்டியதெல்லாம் அடிப்படை வேலை. பணம் மிஞ்சினால் செய்கிறவை கூடுதல் வேலை ஒன்று, இரண்டு, மூன்று. ஒப்பந்தக்காரர்கள் விலை எழுதித் தந்த உறைகளைப் பிரித்த பிறகு, காகிதத்தில் அச்சான வரிசைப்படிதான் எடுக்க முடியும். இரண்டைத் தாண்டி மூன்றுக்குத் தாவ முடியாது. வேண்டிய ஒப்பந்தக்காரனுக்குத் தோதாக வரிசையை மாற்றிவிடக் கூடாதே என்று வைத்த விதி. நல்ல விதிதான்.

உத்திரத்தை அடிப்படை வேலையில் போட்டால் கடிதத்தையும் இணைக்க வேண்டும். இணைத்தால் பெற்றோர் பதறுவார்கள். கூடத்தை அன்றைக்கே பூட்டச் சொல்வார்கள். அதோடு, முன்வாசல் பாதுகாப்புக் கதவும் புதுத் தரையும் வேண்டுமென்று மாவட்டத்தை நடத்தும் கல்விக் குழு இரண்டு வருடமாக அவள் பிராணனை வாங்கிக்கொண்டிருந்தது. கதவு ஒன்று, தரை இரண்டு, உத்திரம் மூன்று. அப்படித்தான் போட்டாள். பதினைந்து வருடமாக விலை எப்போதும் குறைவாகத்தானே வருகிறது, மூன்றும் நடந்துவிடும் என்று கணக்குப் போட்டாள். போட்டாளே புத்திசாலி! அந்த வருடம் பார்த்து எல்லா உறையிலும் விலை எகிறிக் கிடந்தது. கதவு வந்தது, தரை வந்தது, பணம் தீர்ந்தது. உத்திரம் அடுத்த வருடம் என்றாயிற்று. கடிதம் இழுப்பறைக்குப் போயிற்று. அதன் பிறகு அதை வெளியே எடுப்பதென்றால், ஏன் இத்தனை நாள் எடுக்கவில்லை என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். ஓய்வூதியத்துக்கு இன்னும் பதினான்கு மாதம் இருந்தது.

"ரஸ், கூரைக்கு ஏறிப் பாத்தியா?"

"ஏணி வச்சு எட்டிப் பாத்தேன். முழங்கால் வரைக்கும் இருக்கு. சொதசொதன்னு. ஏன் பாஸ், குரல் ஒரு மாதிரியா இருக்கு?"

அவள் பதில் சொல்வதற்குள் அலுவலகத்தில் அறிவிப்பு வந்துவிட்டது. சாலை மோசமாகிறது, பன்னிரண்டு மணிக்கே பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புகிறோம்.

மார்னி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். சீக்கிரம் விடுகிற நாளில் பிள்ளைகள் வகுப்பில் காத்திருக்க மாட்டார்கள். பள்ளி மொத்தமும், முன்னூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளும், பேருந்து எண் வாரியாக வரிசை கட்டி உட்காருவது உடற்பயிற்சிக் கூடத்தில்.

ரஸ்ஸின் இணைப்பைத் துண்டித்துவிட்டுப் பள்ளி முதல்வர் டார்சி ஹானிஃபினை அழைத்தாள். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள். "டார்சி ஜிம்ல இருக்காங்க, ஃபோன் இங்க மேசைமேல கிடக்கு," என்றாள் அதை எடுத்த செயலர். அவளிடமோ ரஸ்ஸிடமோ சொல்லியனுப்பினால் ஏன் என்று கேட்பார்களே! கடிதத்தை உருவிக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு மார்னி ஓடினாள்.

இரண்டு மைல்தான். அந்த இரண்டு மைலும் வண்டி வழுக்கிக்கொண்டே போயிற்று. எதிரே ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே ஓட்டினாள். தீயணைப்பு மணியை இழுத்துவிட்டால் என்ன? எரிவாயு நாற்றம் என்று சொல்லிவிட்டால்? யாருக்கும் எதுவும் தெரியவேண்டாமே! அந்த நினைப்பு இனித்தது, வெட்கமில்லாமல் இனித்தது. ஆனால் தீயணைப்புக்காரர்கள் வருவார்கள், மோப்பம் பிடிப்பார்கள், ஒன்றுமில்லை என்பார்கள். பத்தே நிமிடத்தில் நனைந்த பிள்ளைகளை மறுபடி அதே கூரைக்குக் கீழே கொண்டுபோய் உட்காரவைப்பார்கள். பொய் பத்து நிமிடத்துக்குத்தான் காணும்.

கூடத்துக்குள் நுழைந்ததும் காது அடைத்தது. கோட்டும் தொப்பியும் மாட்டிக்கொண்டு, பளபளக்கும் புதுத் தரையில், ஒன்பது வரிசையாகப் பிள்ளைகள். பாட்டு, சண்டை, அழுகை. அந்த இரைச்சலுக்கு மேலே ஏதோ ஒன்று 'டக்' என்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடி 'டக்.' யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மார்னி மட்டும் பார்த்தாள்.

"டார்சி, இவங்களை வெளிய அனுப்பு. இப்பவே."

"வாம்மா தாயே!" டார்சி கையிலிருந்த பட்டியலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மூணு பஸ் லேட்டு. முன்னூறு உருப்படியை எங்க கொண்டுபோய்க் கொட்டச் சொல்ற?"

"காரிடார்ல. வகுப்பில. எங்கயாவது."

"இப்பதான் இருபது நிமிஷம் தொண்டை கிழியக் கத்தி உக்காரவச்சிருக்கேன். சும்மா வந்து நின்னுக்கிட்டு அனுப்புன்னா? ஏன்னு சொல்லு."

'டக்.'

பக்கத்தில் ஒரு குட்டிப் பெண், தொப்பிக்குள் பாதி முகம் மறைய, காலணி நாடாவோடு போராடிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டேதான் மார்னி பேசினாள்.

"கூரை தாங்காது. பொறியாளர் எழுதியே குடுத்திருக்கார். இவ்வளவு பனி நின்னா ஆளை விடாதேன்னு."

"எப்ப எழுதினார்?"

"போன பிப்ரவரி." கடிதத்தை நீட்டினாள். "எங்கிட்டதான் இருந்துச்சு."

டார்சி இரண்டு வரி படித்தாள். மார்னியைத் திட்டவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விரலை உதட்டில் வைத்து, மற்றொரு கையை உயர்த்தினாள். கூடம் அடங்கியது.

"செல்லங்களா, எலி மாதிரி நடக்கிற போட்டி. சத்தம் வரக் கூடாது. ஒன்பதாம் நம்பர் பஸ், முதல்ல நீங்க."

ஒன்பதாவது வரிசை எழுந்தது. எட்டாவது எழுந்தது. அமைதியில் அந்த 'டக்' இப்போது எல்லாருக்கும் கேட்டது. ஆசிரியைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரஸ் இரண்டு கதவுகளையும் முதுகால் முட்டுக்கொடுத்துத் திறந்து பிடித்திருந்தான். அவன் முகத்திலும் சிரிப்பில்லை. ஐந்தாவது வரிசையில் ஒரு பையன் மதிய உணவுப் பெட்டியை எடுக்கத் திரும்பி ஓடினான். மார்னி பாய்ந்துபோய் அவனை இடுப்போடு தூக்கிக்கொண்டு வந்தாள். கடைசி வரிசை வெளியேற ஏழு நிமிடம் ஆயிற்று.

கூரை விழவில்லை. மறுநாள் காலை பொறியாளர் வந்து பார்த்தார். நடு உத்திரம் நீளவாக்கில் பிளந்திருந்தது. அந்த மதியம் அது தாங்கியிருக்கும் என்று எழுத்தில் தர முடியுமா என்று கேட்டதற்கு, தரமாட்டேன் என்றார். முட்டுக்கொடுத்துக் கூடத்தைப் பூட்டினார்கள்.

அடுத்த செவ்வாய் மாலை கல்விக் குழுக் கூட்டம். உணவுக் கூடம் நிரம்பி வழிந்தது. மார்னி எழுந்து நின்று, ஒன்று, இரண்டு, மூன்று என்று தான் போட்ட வரிசையையும், இழுப்பறையையும், பதினொரு மாதத்தையும் சொன்னாள். வேலையை விடுவதாகச் சொன்னாள். கூச்சல் எழும் என்று பயந்தாள், எழவில்லை. குழுத் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தவறு தவறுதான் என்றாலும் அன்றைக்குச் சமயத்தில் வந்து பிள்ளைகளைக் காப்பாற்றியதை மறக்கக் கூடாது என்றார். இரண்டு மூன்று பேர் கைதட்டக்கூடச் செய்தார்கள். ஒரு வாரத்தில் முதல் தடவையாக மார்னி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

பொதுமக்கள் பேசும் நேரம். ஆளுக்கு மூன்று நிமிடம். இரண்டாம் வகுப்புப் பெண்ணின் தாய் ரெனி கூலியர் ஒலிவாங்கிக்கு முன் வந்தாள். அவள் கத்தவில்லை.

"டிசம்பர்ல பசங்க பாட்டுக் கச்சேரி நடந்துச்சு, அதே ஜிம்ல. அன்னிக்கும் நல்ல பனி. என் மாமனார், மாமியார், கைக்குழந்தை, எல்லாரும் உள்ள இருந்தோம். நீங்களும் வந்திருந்தீங்க, நான் பாத்தேன். எங்க உக்காந்திருந்தீங்க?"

மார்னி எழுந்தாள். பொய் சொல்லலாம் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

"உக்காரல."

"எங்க இருந்தீங்க?"

"காரிடார்ல. கதவுக் கண்ணாடி வழியா பாத்துக்கிட்டிருந்தேன்."

ரெனிக்கு இன்னும் இரண்டு நிமிடம் பாக்கி இருந்தது. அவள் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.