இரண்டு விரல் இடைவெளி

ஹெல்வி கொட்டகையில் நின்ற விமானத்துக்குள் குப்புறப் படுத்து, தரையிலிருந்த சிறிய திறப்பு வழியாக வலது கையைத் தோள்வரை உள்ளே விட்டிருந்தாள். கன்னம் தகரத்தில் அழுந்தியிருந்தது. இடது கையால் வால் சுக்கானைத் திருப்பும் பெடலை முழுக்க அழுத்திப் பிடித்திருந்தாள்.

"தொடுதா?" என்று வெளியே கட்டிலில் படுத்திருந்த அவள் கணவர் வெய்க்கோ கேட்டார்.

உள்ளே சுக்கான் கேபிள் விறைத்து நின்றது. அதற்கு அடியில், தண்ணீரில் இறங்குவதற்கான மிதவைகளிலுள்ள சக்கரங்களை ஏற்றி இறக்கும் எண்ணெய்க் குழாய். இரண்டுக்கும் நடுவே விரல் நுழையவில்லை. குழாயை நகத்தால் தடவினாள். கோடை முழுக்க ஏரியில் மிதக்கவிட்டு ஓட்டிப் பார்த்ததிலேயே கேபிள் அதை அறுக்கத் தொடங்கியிருந்தது.

சனிக்கிழமை வெய்க்கோவின் அண்ணன் ஆர்மாஸ், அவர்கள் தங்கள் கையாலேயே கட்டிய இந்த விமானத்தை முதன்முதலாகப் பறக்கவிடுவதாக ஏற்பாடு. வடக்கு ஏரிகளுக்கு நாற்பது வருடம் விமானம் ஓட்டியவர். வெய்க்கோ ஞாயிறுவரை தாங்கினாலே அதிசயம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். தொடவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் அது பறப்பதை வெய்க்கோ பார்த்துவிட்டுப் போவார். ஆனால் அந்தக் குழாய் வானத்தில் உடைந்தால், கீழே இறங்கிய சக்கரம் மேலே ஏறாது. சக்கரத்தோடு தண்ணீரில் இறங்கினால் விமானம் தலைகுப்புறக் கவிழும்.

"தொடுது," என்றாள்.

"எவ்வளவு?"

"அறுத்திருக்கு. நகம் இறங்குது."



"எனக்குச் சந்தேகமாத்தான் இருந்துச்சு," என்றார் வெய்க்கோ. "நீ பொய் சொல்லிடுவேன்னு பயந்தேன்."

"நான் எப்போ பொய் சொன்னேன்?"

"முப்பது வருஷமா என் மீன் சூப்பு நல்லா இருக்குன்னு சொல்றியே."

சிரிக்கப் போய் இருமினார். அவள் வெளியே வந்து அவரை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள். சட்டைக்குள் முதுகெலும்பு ஒவ்வொன்றாகக் கையில் தட்டுப்பட்டது.

"இன்னைக்கு வியாழன்தானே? அந்தக் குழாயைக் கழட்டு," என்றார்.

பத்து மணிக்கு நர்ஸ் டெனிஸ் வந்தாள். ஊசி போட்டாள். மார்பில் கருவியை வைத்து வழக்கத்தைவிட அதிக நேரம் கேட்டாள். வாசலுக்கு வந்ததும், "மூச்சு மாறியிருக்கு, ஹெல்வி. பக்கத்துலயே இருங்க," என்றாள்.

"பக்கத்துலதான் இருக்கேன். ஆறடி."

டெனிஸ் விமானத்தையும் கட்டிலையும் மாறி மாறிப் பார்த்தாள். மதியம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

புதுக் குழாயை வெய்க்கோ போர்வையின் மீதே வைத்து வளைத்தார். குழாய் வளைக்கும் சிறு கருவி அவர் மடியில் இருந்தது. முதல் வளைவுக்குக் கால்மணி நேரம். இரண்டாவதற்கு அதைவிட அதிகம். மூன்றாவதில் கைப்பிடி நகரவே இல்லை. ஹெல்வி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அவர் கைகள் மேல் தன் கைகளை வைத்து அழுத்தினாள்.

"மெதுவா. மடங்கிடப் போவுது. இன்னும் கொஞ்சம். போதும். போதும்னா கேளு!"

"கேட்டுட்டேன், கத்தாத."

குழாயைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். எங்கும் நசுங்கவில்லை. அதை அவளிடம் கொடுத்துவிட்டுத் தலையணையில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டார்.

"கேபிள் வேலை செய்றப்ப நகரும். குழாய் நகராது. அதனால குழாய்தான் ஒதுங்கிப் போகணும்," என்றார். "ரெண்டு விரல் இடம் விடு. உன் விரல் இல்ல, ஆர்மாஸ் விரல்."

அவள் குழாயின் இரு முனைகளையும் மேஜைப் பிடியில் இறுக்கி, இணைப்பில் பொருந்துமாறு விரித்தாள். மறுபடி உள்ளே படுத்தாள். பழைய குழாயைக் கழற்றியபோது மிச்சமிருந்த சிவப்பு எண்ணெய் மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு ஓடியது. புதியதைப் பொருத்தி, பக்கச் சட்டத்தோடு ரப்பர் வைத்த கிளாம்பால் பிடித்தாள்.

"முதல் கிளாம்ப் இறுக்கியாச்சு."

"ம்."

இரண்டாவது திருகு இரண்டு முறை கைநழுவியது. திட்டிக்கொண்டே தேடி எடுத்து இறுக்கினாள். பெடலை அழுத்தி விரல்களை நுழைத்தாள்.

"ரெண்டு விரல் போகுது, வெய்க்கோ. தாராளமா போகுது."

பதில் இல்லை.

வலது பெடலை அழுத்திப் பார்த்தாள். பிறகு இடது. மறுபடி வலது. செய்ய வேண்டியது வேறெதுவும் இல்லை என்று ஆன பிறகும் அவள் கையை வெளியே எடுக்காமல் படுத்திருந்தாள்.

டெனிஸ் வந்தபோது போர்வையிலும் அவர் கன்னத்திலும் சிவப்பு விரல் தடங்களைப் பார்த்துப் பதறிவிட்டாள்.

"எண்ணெய்தான்," என்றாள் ஹெல்வி.

"எப்போ போனார்?"

"முதல் கிளாம்புக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல."

டெனிஸ் சிறிது யோசித்து, தாளில் ஒரு மணி இருபது என்று எழுதினாள்.

ஆர்மாஸ் வந்து தொப்பியைக் கழற்றினார். தம்பியின் காலைப் போர்வையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். "என்ன பண்ணிட்டு இருந்தீங்க ரெண்டு பேரும்?" என்று கேட்டார். ஹெல்வி சொன்னாள். அவர் விமானத்துக்குள் ஏறினார். வெகுநேரம் கழித்து விரல்களைத் துடைத்துக்கொண்டே இறங்கினார். கண்கள் சிவந்திருந்தன.

"என்னைக் காப்பாத்திட்டீங்க," என்றார். "எண்ணெய் ஊத்தி உள்ள இருக்கற காத்தை எடுக்கணும். நாளைக்கு நான் வந்து பண்றேன். சனிக்கிழமை..."

"சொன்ன மாதிரி சனிக்கிழமை வாங்க. காபி போட்டு வைக்கறேன்."

இறுதிச் சடங்கு நிலையத்து ஆட்கள் இருவர் தள்ளுகட்டிலோடு வந்து வாசலிலேயே நின்றுவிட்டார்கள். கட்டில் கொட்டகையின் கோடியில், கணப்புக்குப் பக்கத்தில் இருந்தது. நடுவில் விமானம். மூன்று வாரம் முன்பு வெய்க்கோ இறக்கைக்குக் கீழே குனிந்து தன் காலால் நடந்தே உள்ளே வந்திருந்தார்.

"இதை வெளிய எடுத்தாத்தான் அவரை எடுக்க முடியும்," என்றார் ஆர்மாஸ்.

மூவரும் இறக்கைத் தாங்கிகளைப் பிடித்துத் தள்ளினார்கள். டெனிஸும் கோட்டைக் கழற்றிவிட்டுக் கைகொடுத்தாள். ஹெல்வி வால் பக்கம் நின்று, "இடது பக்கம் இன்னும் ஒரு சாண் இருக்கு, வாங்க, வாங்க," என்றாள். விமானம் புல்லில் போய் நின்றது. ஏரியிலிருந்து காற்று வந்து சுக்கானை ஒருபுறமாக அடித்தது. அவள் இரண்டு கைகளாலும் அதைப் பிடித்து நிறுத்தினாள்.

வெய்க்கோவை வண்டியில் ஏற்றினார்கள். ஆர்மாஸ் கயிறு கொண்டுவந்து சுக்கானைக் கட்டினார். முடிச்சை இழுத்துப் பார்த்தார்.

"கட்டியாச்சு, ஹெல்வி. விட்டுடுங்க."

வண்டி மரங்களுக்கு நடுவே சரளைப் பாதையில் ஏறி, பெரிய சாலைக்குத் திரும்பியது. ஹெல்வி சுக்கானைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.