கோடி போன மண்குட்டை

இந்தக் குட்டை நிறையக் கூடாது. ஆறு வருஷமாக இதைச் சொல்லிச் சொல்லி என் வாய்தான் வறண்டது.

சந்தவாசலுக்கு மேலே, மலையடியில், ஒரு கருங்கல் குவாரியை மூடிவிட்டுப் போனார்கள். தோண்டிய பள்ளத்தை நிரப்பி, கொட்டிக் கிடந்த மண்மேட்டில் புல்லும் புங்கனும் நட்டார்கள். மழை பெய்தால் அந்த மேட்டிலிருந்து வரும் சேறு ஓடைக்குப் போகாமல் தேங்கித் தெளியத்தான் இந்த மண்குட்டை. காவல் நான், மணிவேல். தெளிந்த தண்ணீரை வால்வைத் திறந்து வெளியே விட்டு, மட்டத்தை ஆறடிக்குக் கீழே வைத்திருக்க வேண்டும். அடுத்த மழைக்கு இடம் வேண்டுமே. கரையோ குவாரி மண்ணை வாரிப் போட்ட கரை. அதற்கு நேர் கீழே ஒன்பது வீடுகள். ஒன்று என்னுடையது, இன்னொன்று என் மனைவி பாஞ்சாலையின் அண்ணன் கோவிந்தனுடையது.

ஊருக்கு இதெல்லாம் மண்டையில் ஏறாது. கரை இருந்தால் அது ஏரி. ஏரி என்றால் நிறைந்து வழிய வேண்டும். அப்படி வழிவதை எங்கள் பக்கம் கோடி போவது என்பார்கள். கோடி போனால் பூசை போட்டுக் கெடா வெட்டுவது வழக்கம். நான் வால்வைத் திறக்கும்போதெல்லாம், அவர்கள் வீட்டுப் பால்சட்டியை உதைத்துக் கவிழ்த்தவனைப் போல என்னைப் பார்ப்பார்கள்.

ஐப்பசியில் எனக்குக் காய்ச்சல். நாலு நாள் எழுந்திருக்கவில்லை. மழை விடாமல் பெய்தது. ஐந்தாம் நாள் காலை மேளச் சத்தம் கேட்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறினேன்.

வால்வை இறுக்கி மூடியிருந்தார்கள். தண்ணீர் வழிவதற்கென்று கட்டிய கல்வாய்க்காலின் வாயில் இரண்டடி உயரத்துக்கு மணல் மூட்டை. அதற்கும் மேலே வழிந்துகொண்டிருந்தது. மாலை, மஞ்சள், கற்பூரம். ஊரே சிரித்துக்கொண்டிருந்தது. ஒரு நிமிஷம் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

"வா மாப்ள! நம்மூர்ல ஏரி கோடி போயி பதினோரு வருசமாச்சி, பாரு!" என்றார் கோவிந்தன்.

மூட்டைகளைப் பார்த்தேன். எங்கள் வீட்டு மல்லாட்டைச் சாக்குகள், வேர்க்கடலை போட்டு வைப்பவை. பாஞ்சாலை பூசைத் தட்டோடு நின்றிருந்தாள்.

"கெணத்துல பத்தடி ஏறிக்கீதுங்க. மல்லாட்ட பொழைச்சிக்கும். நாலு நாளு இருந்துட்டுப் போவட்டுமே" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

கரையின் வெளிப்பக்கம் இறங்கினேன். மண்கரை என்றால் கொஞ்சம் கசியும். தெளிவாகக் கசிந்தால் பயமில்லை. கரையடியில் கை கனத்துக்கு வந்துகொண்டிருந்த தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. கரை உள்ளுக்குள் கரைகிறது என்று அர்த்தம்.

"கரைய அறுக்குது! கீழ வூட்ல கீறவங்கள வெளிய வரச் சொல்லுங்க!"

"கற்பூரம் ஏத்தற நேரத்துல இன்னா பேச்சு மாப்ள இது? வாயக் கழுவு!"

வால்வைத் திருகித் திறந்தேன். கல்வாய்க்காலில் இறங்கி மூட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். தண்ணீர் இடுப்பில் மோதியது. கோவிந்தன் என் சட்டையைப் பிடித்து இழுத்தார், கிழிந்தது. யாரோ மண்ணை வாரித் தூற்றினார்கள். மாலையும் மஞ்சளும் ஓடையோடு போயின. பாஞ்சாலை தட்டைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். வீடுகளைக் காலி செய்யச் சொல்லிக் கத்தினேன். ஒரு வீட்டிலிருந்தும் ஒரு பாய்கூட வெளியே வரவில்லை.

குட்டை ஆறடிக்கு இறங்க மூன்று நாள் ஆனது. மூன்று நாளும் ஊரில் யாரும் என்னோடு பேசவில்லை. பாஞ்சாலை சோற்றைப் போட்டு வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போய்விடுவாள். கிணறும் இறங்கிவிட்டது. செய்தது சரிதானா என்று எனக்கே சந்தேகம் வந்தது. உடையாத கரைக்கு யார் சாட்சி?

நாலாம் நாள், தண்ணீர் விலகிய உட்சரிவில் ஒரு பெருச்சாளி வளை தெரிந்தது. தண்ணீர் அரித்து அரித்து அதன் வாய் குடத்தளவு ஆகியிருந்தது. கோவிந்தனைப் போய்க் கூப்பிட்டேன். முறுக்கிக்கொண்டேதான் வந்தார். குப்புறப் படுத்துக் கையை உள்ளே விட்டார். முழங்கை போனது. தோள் வரைக்கும் போனது. விரலில் எதுவும் தட்டவில்லை. நீளமான கழி ஒன்றை விட்டுப் பார்த்தார்; அதுவும் தடையில்லாமல் போயிற்று. எழுந்து கரையேறி அந்தப் பக்கம் பார்த்தார். நேர் கீழே, அவர் வீட்டு வாசலில், மருமகள் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள்.

கோவிந்தன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மனசாரத்தான் கேட்டார்.

"இத முன்னாடியே ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா மாப்ள?"

கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை.

"சொல்லியிருக்கணும் மச்சான்" என்றேன்.