அரிக்காத கட்டிகள்

ரத்தப் புற்றுநோய் அடங்கிவிட்டது என்று சொல்லித்தான் மெட்ராஸ் டாக்டர் அல்போன்ஸை ஊருக்கு அனுப்பினார். அவன் மனைவி ஞானசெல்வியைத் தனியே அழைத்து, தோலில் அரிப்பும் வலியும் இல்லாமல் கெட்டியான கட்டிகள் எழும்பினால் நோய் திரும்பியிருக்கலாம், உடனே கூட்டி வா என்றும் சொன்னார். அது எழுபத்தாறாம் வருஷம்.

கப்பலை விட்டால் வெளியே போக வழியில்லாத தீவூரான ஹட் பேயில், எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்கு அல்போன்ஸ் பழையபடி வேலைக்குப் போனான். மழை தொடங்கியபோது அவன் முதுகில் ஊதா நிறத்தில் கட்டிகள் தெரிந்தன. ஞானசெல்வி அழுத்திப் பார்த்தாள். வலிக்கவில்லை என்றான்.

காண்டிராக்டர் சிவஞானம் சொன்னால்தான் கூலியாட்களுக்குக் கப்பலில் இடம். கணவனின் சட்டையைத் தூக்கிக் காட்டி அவரிடம் கெஞ்சினாள்.

"மச்சர் கடிக்கெல்லாம் மெயின்லேண்ட் போவாங்களா?" என்று, அதைக் கொசுக்கடியாக்கி, அவர் உட்கார்ந்தபடியே சிரித்தார். அந்தக் கப்பலில் அவருடைய மைத்துனன் குடும்பம் கல்யாணத்துக்குப் போயிற்று. அடுத்த கப்பல் வருவதற்குள் அல்போன்ஸின் ஈறுகளில் ரத்தம் கசியத் தொடங்கியது. போர்ட் பிளேர் போய்ச் சேருமுன்னே அவன் இறந்தான்.

ஞானசெல்வி ஊரைவிட்டுப் போகவில்லை. தண்ணீருக்குப் போகும்போதெல்லாம் சிவஞானத்தின் கண்ணில் படும்படி அவர் வீட்டு வழியாகவே போனாள்.

சில வருஷம் கழித்து அவரே அவள் வாசலில் வந்து நின்றார். கைகள் முழுக்கச் சிவந்த தடிப்புகள். சொறிந்து சொறிந்து தோல் உரிந்திருந்தது.

"உன் புருசனுக்கு வந்தது இப்படித்தானாம்மா?"

மணல் ஈ கடித்தது என்று பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்தது. அல்போன்ஸ் ஒருமுறைகூடச் சொறிந்ததில்லை.

"இதேதான் ஐயா. இப்படித்தான் ஆரம்பிச்சுது."

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். எத்தனை நாள் இருந்தான் என்று கேட்டார். இன்னொரு கப்பல் வரும்வரை இருந்தான் என்றாள்.

மறுநாள் அவர் மனைவி விசாலாட்சி அழுதுகொண்டு வந்தாள். அவளிடம் பொய் சொல்ல ஞானசெல்விக்கு மனம் வரவில்லை. வெறும் பூச்சிக்கடிதான், வேண்டுமென்றேதான் மாற்றிச் சொன்னேன் என்றாள்.

விசாலாட்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அன்னைக்கு அல்போன்ஸை அனுப்பச் சொல்லி அவர் காலைப் புடிச்சேன். எட்டி உதைச்சார். மெட்ராஸ் வரைக்கும் பயந்துகிட்டே போகட்டும்."

கப்பல் கிளம்பும்வரை ஞானசெல்வி கப்பல்துறையில் நின்றாள். சிவஞானம் கைகளைத் துண்டால் மூடிக்கொண்டு மேல்தட்டில் உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்தும் அவளுக்கு ஆறவில்லை. அவர் திரும்பி வந்துவிடுவார்.