மூடாத கதவும் முடியில்லாத கையும்

என் கணவரின் இடது கையில் முடி கிடையாது. உளி கூராகிவிட்டதா என்று அதில் மழித்துப் பார்த்துப் பார்த்து, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மழமழவென்று ஆகிவிட்டது. அலுவலகத்தில் யாராவது கேட்டால் அலர்ஜி என்று சொல்லிச் சமாளிப்பாராம். இத்தனைக்கும் மனுஷன் இதுவரை ஒரு முக்காலிகூடச் செய்ததில்லை.

எங்கள் குளியலறைக் கதவு ஈரத்தில் ஊதிப்போய், தாழ்ப்பாள் பக்கம் நிலையில் இடித்து நின்றுவிடும். முழுசாக மூடாது. தண்ணீர் நிரம்பிய வாளியைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டு, உள்ளே ஆள் இருப்பது தெரிய இருமிக்கொண்டே குளிப்பேன். வீட்டில் வேலை தேடிக்கொண்டு கொழுந்தனார் வேறு இருக்கிறார்.

"என்னங்க, அந்த ஓரத்தைக் கொஞ்சம் இழைச்சு விடுங்களேன். இழைப்புளிதான் இருக்கே."

"இன்னும் கூர் வரல. இப்ப வெச்சா மரம் பிய்யும்."

சாப்பாட்டு மேசையில் சாணைக்கல்லைப் போட்டு, இழைப்புளியின் தகட்டைக் கழற்றி வாரக்கணக்கில் தேய்த்தார். அந்தக் கரியநிறச் சேற்றைத் துடைத்ததெல்லாம் நான்தான். ஒருவழியாகக் கூர் வந்தது. காகிதத்தை அந்தரத்தில் பிடித்துச் சத்தமில்லாமல் கிழித்துக் காட்டினார். தம்பியையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"இப்பவாவது கதவைப் பாருங்க."

"இதை வெச்சா? அந்தக் கதவுலயா? பெயின்ட்ல பட்டா முனை போயிடும்."

கூர் இல்லை என்றாலும் வேலை நடக்காது, இருந்தாலும் நடக்காது. இவரோடு மாரடிக்க என்னால் முடியவில்லை. தச்சரைக் கூப்பிடலாம் என்றால் அதற்கும் ஒரு முறைப்பு. "இவ்வளவு சாமானை வீட்டுல வெச்சுக்கிட்டு வெளியாளா?"

அன்று காலை முகமெல்லாம் சோப்பு நுரை. இருமுவதற்கு வாயைத் திறக்க முடியவில்லை. அவசரமாக வந்த கொழுந்தனார் கதவைத் தள்ளிவிட்டார். வாளி கவிழ்ந்தது.

"ஐயோ, சாரி அண்ணி!"

ஓடிவிட்டார். எதையும் பார்த்திருக்க மாட்டார், எனக்கே தெரியும். ஆனாலும் உடம்பெல்லாம் கூசிப்போய், சுவரைப் பார்த்தபடி அழுதேன். அதற்குப் பிறகு அந்தப் பையன் என் முன்னால் நிமிர்ந்து சாப்பிடக்கூட இல்லை. கணவரிடம் சொன்னேன்.

"அவன் ஒண்ணும் பார்த்திருக்க மாட்டான், விடு" என்றவர், கல்லில் தண்ணீர் தெளித்தார்.

அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. மறுநாள் அண்ணனும் தம்பியும் வெளியே போனதும், பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு ஏறினேன். இழைப்புளியைக் கதவின் ஓரத்தில் வைத்துத் தள்ளினேன். சும்மா சொல்லக்கூடாது, வெள்ளரிக்காய்த் தோல்போல மெலிசாகச் சீவிக்கொண்டு வந்தது. இதை வைத்துக்கொண்டா என்னை இத்தனை நாள் இரும விட்டார் என்று வயிறு எரிந்தது.

பாதியில் கிர்ரென்று ஒரு சத்தம். பெயின்டுக்குள் ஏதோ ஆணித்தலை புதைந்திருந்திருக்கிறது. இழைப்புளியைத் திருப்பிப் பார்த்தேன். முனை உடைந்து சின்னதாக ஒரு பல் விழுந்திருந்தது.

ஆணிக்குக் கீழே வைத்து மறுபடி தள்ளிப் பார்த்தேன். சீவியது! சீவிய இடத்தில் மெல்லிய கோடு ஒன்று விழுந்ததே தவிர, மரம் பிய்யவில்லை. வியர்க்க வியர்க்கத் தள்ளினேன். கதவு போய் நிலையில் உட்கார்ந்தது. தாழ்ப்பாள் விழுந்தது.

சாயங்காலம் கணவர் பூதக்கண்ணாடியோடு ஜன்னலோரம் நின்றார்.

"பல்லு விழுந்துடுச்சு. எவ்வளவு பாடுபட்டுத் தீட்டினேன் தெரியுமா?" குரல் நிஜமாகவே தழுதழுத்தது.

"கதவு மூடுதுங்க."

"இங்க வந்து பாரு, எவ்வளவு பெரிய பல்லுன்னு!"

நான் பார்க்கவில்லை. துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்த் தாழிட்டேன். வாளியை அது இருக்கவேண்டிய குழாயடியிலேயே வைத்துக்கொண்டு, இருமாமல், நிதானமாகத் தண்ணீரை மொண்டு ஊற்றினேன்.

கொஞ்ச நேரத்தில் யாரோ கதவைத் தள்ளினார்கள். திறக்கவில்லை.

"உள்ள இருக்கியா? சத்தமே காணோம்?" கணவர்தான்.

இன்னொரு சொம்பு மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டேன்.